ஜனக்புரிக் கோடையும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளும்

தில்லிக்கு வருகை தரும் தமிழ் அன்பர்கள் செங்கோட்டையையும் குதுப் மினாரையும் ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரையும் கண்டு, கரோல் பாக்கில் ஒரு கம்பளிச் சட்டை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவது வழக்கம். ஜனக்புரியைப் பார்ப்பதற்கென்று எவரும் வருவதில்லை. இங்கே வருகிறவர்கள் குடியிருப்பதற்காகவே வருகிறார்கள். தில்லி வளர்ச்சி ஆணையம் 1970களில் நகரின் மேற்குப் புறத்தில் எழுப்பிய இக்குடியிருப்பு, ஏ, பி, சி, டி என்று ஆங்கில எழுத்துக்களால் பகுக்கப்பட்டு, புதிதாக வந்தவரை வீடு தேடித் திண்டாட வைக்கும் தன்மையது. வடக்கே திலக் நகர். மேற்கே உத்தம் நகர். தெற்கே பங்க்கா சாலை. பங்க்கா என்றால் விசிறி. இப்பெயர் எக்காரணம் பற்றி வந்ததாயினும், மே மாத நடுப்பகலில் அச்சாலையில் சிக்னலுக்குக் காத்து நிற்பவர் எவரும் அதை ஒரு கேலியென்றே கருதுவர்.

இருப்பினும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது சௌகரியமான இடம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளுள் ஒன்று இங்கேயே இருக்கிறது. குழந்தைகள் தமிழ் எழுத்தைத் தமிழாசிரியரிடம் கற்க முடிகிறது. மெட்ரோ ரயில் இரு தடங்களில் வந்து சேர்கிறது. ஆனால் ரயில்வே ஊழியரின் வேலை நேரம் மெட்ரோவைக் கேட்டுக்கொண்டு அமைவதில்லை. நமக்கு ஷகூர்பஸ்தியில் வேலை. காலை முறை வரும் வாரங்களில் முதல் மெட்ரோ கண் விழிக்குமுன் நாம் வீட்டை விட்டுப் புறப்பட்டாக வேண்டும். பகல் முறையிலோ, பையனைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வெளி வட்டச் சாலையில் ஏறி, பீராகடிச் சந்திப்பின் நெரிசலைக் கடந்து போகவேண்டும். இவ்விரண்டையும் நிறைவேற்றி வைப்பது ஒரு பழைய மோட்டார் சைக்கிள். அது நின்றுபோனால் மறு வண்டி வாங்கும் நிலையில் குமாஸ்தாவின் சம்பளம் இல்லை. ஆகையால் அதன் உடல்நலம் நம் வீட்டு வரவு செலவில் ஒரு இனமாகவே இருந்து வருகிறது. இம்மாதம் அதைப்பற்றி எழுதுவதை அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். இங்குள்ள குடும்பங்கள் பலவற்றில் இதுபோன்ற வண்டி ஒன்று படியடியில் நிற்பதைக் கண்டே துணிகிறோம்.

வண்டி யமஹா ஆர்15. இந்த இனம் 2008இல் இந்தியாவில் வெளிவந்தது. தில்லிக்கு அருகே சூரஜ்பூரில் உள்ள ஆலையில் உருவாயிற்று. நம்முடையது 2012 நவம்பரில் பதிவானது. மாற்றலாகிச் சென்ற ஒருவரிடமிருந்து 2017இல் வாங்கினோம். இதிலுள்ள விசேஷம், 150 சி.சி. அளவுள்ள சிறிய இன்ஜினுக்கு மோட்டார் காரைப் போல ரேடியேட்டர் வைத்துக் குளிர்விக்கிறார்கள் என்பது. நம் சென்னையின் திருவொற்றியூரில் 1955 முதல் பிறந்து வளர்ந்த புல்லட் வண்டிக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. அதன் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இரும்புச் செதில்கள். ஓடும்போது காற்று அவற்றில் பட்டு உஷ்ணத்தைக் கொண்டு போய்விடும். துடைத்து வைத்தால் போதும். நீரால் குளிரும் இன்ஜினோ சிறு உருவில் மிகுந்த வலிமை தருவது. அதற்கு ஈடாகக் கவனிப்பைக் கேட்பது.

அதன் உள்ளே நிகழ்வது இதுதான். பெட்ரோல் எரிவதால் உண்டாகும் உஷ்ணத்தில் சுமார் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகைக் குழாய் வழியே போகிறது. மற்றொரு பெரும் பகுதியை இன்ஜினிலிருந்து அப்புறப்படுத்தாவிட்டால் எண்ணெய் நீர்த்து, பிஸ்டன் விரிந்து, சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். இன்ஜினின் சுவர்களுக்குள் ஓடும் திரவம் அந்த உஷ்ணத்தை ஏந்தி, முன்புறம் உள்ள ரேடியேட்டருக்குக் கொண்டுவந்து, மெல்லிய தகடுகளின் வழியே காற்றுக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் உள்ளே போகிறது. அதை ஓட்டுவது ஒரு சிறு பம்பு. வண்டி ஓடும்போது எதிர்காற்றே போதும். நெரிசலில் நிற்கும்போது ரேடியேட்டரின் பின்னே உள்ள மின்விசிறி தானே சுழலத் தொடங்கும். இவ்வளவு வேலையைச் செய்யும் திரவம் மொத்தத்தில் ஒரு லிட்டருக்கும் குறைவு என்பதை அறிந்தபோது நமக்கு வியப்பாயிருந்தது. நம் வீட்டு மோர்ப் பாத்திரமே அதைவிடப் பெரிது.

தில்லியின் வெயிலே இத்தகைய வண்டிகளைக் கொல்லுகிறது என்பது பொதுவான அபிப்பிராயம். வெயில் கடுமைதான்; மறுப்பதற்கில்லை. சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1944 மே 29 அன்று 47.2 டிகிரி பதிவாயிற்று. 2024இல் அதே மே 29 அன்று 46.8 டிகிரி. ஆயினும் நூறு டிகிரியை நெருங்கி வேலை செய்யும் திரவத்துக்கு நாற்பத்தேழு டிகிரிக் காற்றும் குளிர்ந்த காற்றே ஆகும். வழி சுத்தமாயிருந்தால் உஷ்ணம் வெளியேறியே தீரும். பழைய வண்டி கொதிப்பது வெயிலால் அன்று. நாம் அதனுள் ஊற்றும் தண்ணீராலும், அதன் முகத்தில் படியவிடும் தூசியாலுமே என்பது எட்டுக் கோடைகளுக்கு மேல் அதனோடு பழகியதில் நாம் கண்டது.

இங்கே தில்லிக் கூலரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. சித்திரை பிறந்துவிட்டால் ஜனக்புரியின் ஜன்னல் தோறும் தகரப் பெட்டிகள் முளைக்கும். மூன்று பக்கம் புல்லோ சீவிய மரத்தூவியோ அடைத்து, அதன்மேல் நீர் சொட்டவிட்டு, உள்ளே விசிறி சுழலும் கருவி அது. நீர் ஆவியாவதால் காற்று குளிர்கிறது. ஆகவே அது தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். காலையில் ஒரு வாளி, மாலையில் இரண்டு வாளி. ஊரிலிருந்து வந்த நம்மவர் முதலில் பழகும் தில்லிக் கடமை கூலருக்கு நீர் நிரப்புவதே. இந்தப் பழக்கந்தான் ரேடியேட்டரின் விஷயத்தில் வினையாகிறது.

நம் கீழ் வீட்டில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். மத்திய சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் மாடியில் நாம் கூலருக்கு நீர் ஊற்றி முடித்து வாளியோடு இறங்கி வருகையில், "தம்பி, வாளியிலே மிச்சம் இருந்தா வண்டிக்கும் ஒரு சொம்பு ஊத்திருங்க. வெயிலு மண்டையப் பொளக்கு" என்றார்.

"அண்ணாச்சி, இதுக்குத் தண்ணீர் குறையவே கூடாது. குறைஞ்சா எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம்" என்றோம்.

"எங்க அம்பாசிடர் தெனமும் குடிச்சுதே!"

அவர் கூறியதும் மெய்யே. பழைய அம்பாசிடர் கார்களில் சூடேறி விரிந்த நீர் மூடி வழியே வெளியேறித் தரையில் விழுந்துவிடும். அதைத் தினமும் ஈடு செய்யவேண்டியிருந்தது. இன்ஜினோ கனத்த வார்ப்பிரும்பு. குழாய்த் தண்ணீரைப் பல ஆண்டு பொறுத்துக்கொண்டது. இப்போதுள்ள வண்டியில் விரிந்த திரவம் பக்கத்திலுள்ள சிறு பிளாஸ்டிக் தொட்டிக்குப் போய், ஆறியபின் தானே திரும்பி வருகிறது. அமைப்பு மூடியது. தொட்டியின்மேல் இரண்டு கோடுகள் உண்டு. வண்டி ஆறியிருக்கும்போது திரவம் அவற்றிடையே நிற்க வேண்டும். மாதத்திற்கு மாதம் கீழ்க்கோட்டை நோக்கி இறங்கினால், ஊற்றி நிரப்பி நிம்மதி கொள்வது நோயை மூடி மறைப்பதாகும். ஒழுகும் இடத்தைத் தேட வேண்டும். அண்ணாச்சி இதைக் கேட்டுவிட்டு, "அப்போ அதுக்கு வாளி வேண்டாம், வைத்தியந்தான் வேணும்" என்று சிரித்தார்.

இனி அந்தத் தண்ணீரின் குணம். மேற்குத் தில்லியில் பல வீடுகளில் குழாய் நீரோடு ஆழ்குழாய் நீரும் கலந்தே வருகிறது. சோற்றுப் பானையின் அடியிலும் குளியலறைச் சல்லடைக் குழாயிலும் வெள்ளை வெள்ளையாகப் படிவதை இல்லத்தரசிகள் அறிவார்கள். நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து சூடேறும்போது பிரிந்து பாறைபோல் ஒட்டிக்கொள்கிறது. அலுமினியம் கடத்தும் உஷ்ணத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவே அந்தப் படிவு கடத்தும். எனவே ரேடியேட்டர்க் குழலுக்குள் தாள் கனத்துக்குப் படிந்தாலும் இன்ஜினுக்குப் போர்வை போர்த்தியது போலாகும். சிலர் சிக்கனம் கருதி, ஆர்.ஓ. கருவி கழித்துத் தள்ளும் நீரை எடுத்து ஊற்றுகிறார்கள். அது இன்னும் கேடு. நல்ல நீரைப் பிரித்தெடுத்தபின் உப்பெல்லாம் திரண்டு நிற்கும் நீரல்லவா அது! தரை துடைக்கலாம், ரேடியேட்டருக்கு ஆகாது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீர் தூய்மையானது போலத் தோன்றினும், அதன் உலோகச் சுருளில் படிந்த தூசியையும் பாசியையும் கழுவிக்கொண்டு வருவது. அதையும் தவிர்ப்பதே நன்று.

ரயில்வேக்காரருக்கு இப்பாடம் புதிதன்று. நீராவி இன்ஜின்களின் காலத்தில் பாய்லருக்குள் படிவு ஏறாமலிருக்க நீரை மென்மையாக்கும் நிலையங்கள் வைத்திருந்தார்கள். குறித்த நாட்களில் பாய்லரைத் திறந்து கழுவினார்கள். 1893இல் அமைந்த ரேவாரி இன்ஜின் கொட்டகை இன்று பாரம்பரியச் சின்னமாக விளங்குகிறது. தில்லியிலிருந்து குழந்தைகளை ஒரு நாள் அழைத்துப் போய்க் காட்டத்தக்க இடம். பின்னால் வந்த டீசல் இன்ஜின்களுக்கும் பெரிய ரேடியேட்டர்கள் உண்டு. அவற்றில் கனிமம் நீக்கிய நீரில் துரு தடுக்கும் மருந்து சேர்த்தே ஊற்றுவார்கள். பல ஆயிரம் குதிரைத்திறன் கொண்ட ராட்சதனுக்கு விதித்த பத்தியத்தையே நம் சிறிய வண்டிக்கும் விதித்தோம்.

கடைகளில் கூலண்ட் என்று பச்சை, சிவப்பு, நீல நிறங்களில் விற்கும் திரவம், எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருளை நீரில் கலந்து, உலோகம் அரிக்காமலிருக்க மருந்துகள் சேர்த்தது. பனி நாடுகளில் நீர் உறைந்து இன்ஜின் வெடிக்காமலிருக்க இதைக் கண்டார்கள். பாதிக்குப் பாதி கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழ் 37 டிகிரி வரை உறையாது. தில்லிக்கு அது அவசியமில்லை. சப்தர்ஜங்கில் 1935 ஜனவரி 16 அன்று பூஜ்யத்துக்குக் கீழ் 0.6 டிகிரி வந்ததே அந்த நிலையத்தில் பதிவான கடுங்குளிர். நமக்கு வேண்டிய பயன் வேறு இரண்டு. ஒன்று, அந்தக் கலவை 107 டிகிரி அளவில்தான் கொதிக்கும். மூடியின் அழுத்தமும் சேர்ந்தால் 120க்கு மேலும் கொதிக்காது தாங்கும். மற்றொன்று, அரிப்பைத் தடுப்பது. இந்தத் தடுப்பு மருந்து இரண்டு மூன்று ஆண்டுகளில் வலுவிழந்துவிடும். நிறம் அப்படியே இருந்தாலும் உள்ளே சத்து இராது. ஆகவேதான் மாற்ற வேண்டும் என்கிறார்கள். 'அதிகம் ஊற்றினால் அதிக நன்மை' என்று நீர் கலக்காத கிளைக்காலையே நிரப்புவதும் தவறு. உஷ்ணத்தை ஏந்துவதில் தண்ணீருக்கு நிகர் அது இல்லை. நிறம் வேறான இரு கம்பெனிச் சரக்குகளைக் கலந்தால் சில சமயம் உள்ளே கூழ்போல் திரிந்துவிடும். குப்பியின் மேல் எழுதியிருப்பதைப் படித்தபின் வாங்குவது நலம்.

நாம் வண்டியை வாங்கிய வருஷம் முதல் வேலையாகப் பழைய திரவத்தை இறக்கினோம். வெளிவந்தது காவி கலந்த கஞ்சி. முன்னிருந்தவர் குழாய் நீரையே ஊற்றி வந்திருக்கிறார். செய்த முறையைச் சொல்கிறோம். இரவு முழுதும் ஆறவிட்டு, காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தோம். சூடான வண்டியில் அம்மூடியைத் திறப்பது குக்கரின் மூடியை ஆவியோடு திறப்பதற்கு ஒப்பாகும், முகம் வெந்துவிடும், இதை எத்தனை தடவை சொன்னாலும் மிகையாகாது. பம்பின் அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றி, கீழே ஒரு பழைய பேசின் வைத்துப் பிடித்தோம். பின் காய்ச்சி வடித்த நீரை நிரப்பி, சற்று நேரம் ஓடவிட்டு, ஆறவைத்து, மீண்டும் இறக்கினோம். காய்ச்சி வடித்த நீர் தில்லியில் தேடவேண்டிய பொருள் அன்று. இன்வெர்ட்டர் பேட்டரிக்காக ஒவ்வொரு மின்சாரக் கடையிலும் ஐந்து லிட்டர் டப்பாவில் இருக்கிறது. படிவு பலமாயிருந்தமையால் ஒரே ஒரு தடவை சிட்ரிக் அமிலத்தை மிக நீர்க்கக் கரைத்து உபயோகித்து, உடனே நான்கு முறை கழுவினோம். அதை வழக்கமாக்கிக் கொள்ளலாகாது. அலுமினியத்தையே தின்னத் தொடங்கும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைக் கொண்டு ரேடியேட்டர் கழுவும் வைத்தியமும் சில தெருக்கடைகளில் நடக்கிறது. படிவும் போகும், சில மாதங்களில் ரேடியேட்டரும் போகும்.

புதுத் திரவத்தை மெதுவாக ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே காற்றுக் குமிழி தங்கி, பாதி இன்ஜின் வறண்டு நிற்கும். மூடியைத் திறந்தபடியே ஆறிய இன்ஜினைக் கிளப்பிச் சில நிமிஷம் ஓடவிட்டு, வண்டியை இருபுறமும் சாய்த்தோம். குமிழிகள் வந்து அடங்கியபின் குறைந்ததை நிரப்பி மூடினோம். மறுநாள் காலை தொட்டியைப் பார்த்து மீண்டும் சரி செய்தோம். மொத்தச் செலவு சில நூறு ரூபாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

இறக்கிய பழைய திரவத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கிளைக்கால் இனிப்பானது, கொடிய விஷமும் ஆகும். சிறு அளவே உள்ளே போனாலும் சிறுநீரகம் கெட்டுவிடும். நம் பிளாக்கின் தெரு நாய்களும் பூனைகளும் கோடையில் எங்கே ஈரம் கண்டாலும் நக்கும். ஆதலின் அதைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ கொட்டாமல் மூடியுள்ள டப்பாவில் ஊற்றி, பெயர் எழுதி, ஒர்க்ஷாப்பில் ஒப்படைத்தோம். குழந்தைகள் உள்ள வீட்டில் பழரசப் புட்டியில் கூலண்ட் வைப்பது தகாது. நிறமும் அதைப் போலவே இருக்கும்!

அடுத்து தூசி. பங்குனியில் ஜனக்புரிப் பூங்காக்களில் இலவ மரங்கள் சிவந்து பூக்கும். ஊரில் இலவு காத்த கிளியைப் பற்றிக் கேட்டதோடு சரி. இங்கேதான் அந்தப் பஞ்சு வெடித்துச் சாலையெங்கும் பறப்பதைக் கண்டோம். சித்திரையில் பறக்கும் அப்பஞ்சு ரேடியேட்டரின் தகடுகளில் மெத்தைபோல் படியும். அதன்மேல் வைகாசியில் ராஜஸ்தானப் பக்கத்திலிருந்து வீசும் ஆந்தி என்னும் புழுதிப் புயல் மண்ணை அப்பும். பஞ்சும் மண்ணும் சேர்ந்தால் சுவர் எழுப்பியது போலத்தான். அப்போது விசிறி எவ்வளவு சுழன்றும் பயனில்லை. இதைச் சுத்தம் செய்ய வண்டி கழுவும் கடைக்குப் போனால், பீரங்கி போன்ற குழாயால் நீரைப் பாய்ச்சி மெல்லிய தகடுகளை மடக்கிவிடுவார்கள். மடங்கிய தகட்டின் வழியே காற்று போகாது. நாம் செய்வது, மிருதுவான பிரஷ்ஷால் பஞ்சை எடுத்துவிட்டு, பூவாளி நீரை ரேடியேட்டரின் பின்புறமிருந்து முன்புறமாக ஊற்றுவது. வந்த வழியே அழுக்கு திரும்பிப் போகும். மாதம் ஒரு முறை போதும். ஆந்தி அடித்த மறுநாளும் செய்யலாம். வீட்டில் துளசிக்கு நீர் ஊற்றும் பூவாளியே இதற்கும் உதவுகிறது என்பதில் வீட்டாருக்குச் சற்று மனத்தாங்கல் உண்டு.

விசிறியை வீட்டிலேயே சோதிக்கலாம். வண்டியை நிறுத்தி ஓடவிட்டால் சிறிது நேரத்தில் சுழலும் ஓசை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பியூஸ், கம்பி இணைப்பு, உஷ்ணம் அறியும் சுவிட்சு என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். நமக்குப் பியூஸ் ஒன்றே இரண்டு முறை போயிற்று. பீராகடியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் என்ன செய்வது? ஓரமாக நிறுத்தி அணைத்துவிட்டு அரைமணி நேரம் பொறுத்திருப்பதே ஒரே வழி. 'ஆபீசுக்கு இன்னும் கொஞ்ச தூரந்தானே' என்று ஓட்டிச் செல்பவர் அந்தக் கொஞ்ச தூரத்தில் இன்ஜினை இழப்பார். நேரம் கழிந்து சென்றால் மேலதிகாரி கோபிப்பார், அது ஆறிவிடும்.

ரப்பர் குழாய்கள் முதுமையில் ஒன்று ஊறிப் பஞ்சாகும். அல்லது வறண்டு வெடிக்கும். விரலால் அமுக்கிப் பார்த்தால் தெரியும். பம்பின் அடியில் ஒரு சிறு துவாரம் உண்டு. அதிலிருந்து சொட்டினால், அடைத்துவிடக்கூடாது. உள்ளே உள்ள ஸீல் தேய்ந்துவிட்டது என்று தெரிவிப்பதற்காகவே அத்துவாரத்தை வைத்திருக்கிறார்கள். ஒரு மிஸ்திரி அதில் எம்-ஸீல் பசையை அப்பி அனுப்பிய வண்டியைப் பார்த்திருக்கிறோம். ஒழுக்கு உள்ளே திரும்பி எண்ணெயில் கலந்து, எண்ணெய் பால்காப்பி நிறமாகிவிட்டது.

பழைய உதிரிப் பொருளுக்கு ஜனக்புரிக்காரர் நாடும் இடம் மாயாபுரி. தொலைவு அதிகமில்லை. பிரித்துப்போட்ட வண்டிகளின் அங்கங்கள் மலைமலையாகக் குவிந்த அச்சந்தை, பார்க்கத்தக்க ஒரு காட்சி. 2010இல் தில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்து ஏலத்தில் போன கோபால்ட் 60 கதிர்க் கருவி ஒன்று அங்கே பிரிக்கப்பட்டு, ஒருவர் உயிரிழந்து பலர் நோயுற்றனர். அன்று முதல் 'இது எதிலிருந்து கழற்றியது?' என்று கேட்கும் வழக்கம் நமக்கு உண்டு. ரேடியேட்டரை வாங்குவதாயின் ஒரு முனையை விரலால் மூடி மறு முனையில் ஊதிப் பார்த்தும், தகடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் வாங்கலாம். ரப்பர்க் குழாய், மூடி, ஸீல் ஆகிய மூன்றையும் மட்டும் பழையதாக வாங்குவதில்லை. சில ரூபாய் மிச்சத்துக்கு இன்ஜினைப் பணயம் வைப்பதற்கில்லை.

இவ்வளவும் செய்து இவ்வண்டியை எத்தனை காலம் வைத்திருக்க முடியும்? இன்ஜின் இன்னும் பல ஆண்டு ஓடும். சட்டம் அவ்வாறு ஓடாது. தில்லியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் ஓடக்கூடாதென்று பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் கூறியதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 29 அன்று நிலைநாட்டியது. 2025 ஜூலை முதல் தேதி அத்தகைய வண்டிகளுக்குப் பெட்ரோல் மறுக்கத் தொடங்கிச் சில நாளில் நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் வயதை மட்டும் காரணமாக்கிக் கடும் நடவடிக்கை கூடாதென்று உச்ச நீதிமன்றம் கூறியது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ். 4 தரத்துக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் என்று வரையறுத்தது. நம்முடையது பி.எஸ். 3. 2027 நவம்பரில் அதற்கு வயது பதினைந்து முடிகிறது. தில்லியின் மார்கழிப் புகையில் பையன் இருமுவதைக் கேட்டிருப்பதால் சட்டத்தைக் குறை கூற நா எழவில்லை. நல்ல நிலையிலுள்ள வண்டியை நொறுக்கக் கொடுக்கவும் மனம் வரவில்லை.

அதற்கொரு வழி இருக்கிறது. திண்டுக்கல்லில் உள்ள நம் தம்பி அதைக் கேட்டிருக்கிறான். வயது முடியுமுன் இங்குள்ள போக்குவரத்து ஆபீசில் படிவம் 28 கொடுத்து ஆட்சேபணையின்மைச் சான்று பெற்று, தமிழ்நாட்டில் மறுபதிவு செய்து, வரி கட்ட வேண்டும். அனுப்புவது நம் இலாகாவின் வேலையே. மோட்டார் சைக்கிளை ரயிலில் பார்சலாகவோ, நாமும் டிக்கெட் வாங்கிப் பயணம் செய்வதாயின் லக்கேஜாகவோ பதிவு செய்யலாம். பதிவுப் புத்தகத்தின் நகலும் அடையாளச் சீட்டும் வேண்டும். கோணி சுற்றிக் கட்ட வேண்டும். பெட்ரோலைத் துளியும் மிச்சமின்றி இறக்கிவிட வேண்டும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் அதைச் சுமந்துகொண்டு 2,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து சென்னை சேரும். கூலண்டை இறக்கத் தேவையில்லை. அது போகும் இடத்தில் ஆந்தி இல்லை, இலவம்பஞ்சு மெத்தை இல்லை; ஆனால் திண்டுக்கல் நீரின் உப்பைப் பற்றி நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "அண்ணே, அந்தக் காய்ச்சி வடிச்ச தண்ணி இங்கேயும் கிடைக்கும், நீங்க கவலைப்படாதீங்க" என்று தம்பி தொலைபேசியில் சொல்லியிருக்கிறான். வண்டியோடு ஒரு டப்பாவும் அனுப்புவதென்று இருக்கிறோம்.

இன்னும் கோடை மிச்சமிருக்கிறது. ரேடியேட்டரில் திரவம் ஊற்ற வசதியாக நீண்ட கழுத்துள்ள புனல் ஒன்று நம்மிடம் உண்டு. கடைகளில் அந்த அளவு எளிதில் அகப்படுவதில்லை. சி பிளாக் அன்பர்கள் ஞாயிறு காலைகளில் கேட்டு வாங்கிச் செல்லலாம். திருப்பித் தரும்போது கழுவித் தரவும். வீட்டில் அதற்கு இரட்டையாக எண்ணெய் ஊற்றும் புனல் ஒன்றும் இருக்கிறது.